பொய் சொல்லாத புருஷன்

பொய் சொல்கிற புருஷனோடு குடும்பம் நடத்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அதற்கென்று யாரும் தனியாகப் பாடம் எடுப்பதில்லை. ஆனால் ‘இனிமேல் நான் பொய்யே சொல்லமாட்டேன்’ என்று ஒருத்தர் வந்து உட்கார்ந்தால் என்ன செய்வது? பெரியவளுக்கு அந்தப் பாடு வந்து சேர்ந்தது.

பெரியவள் என்றால் அக்கா தங்கை இருவரில் மூத்தவள். தன் வீட்டு முன்னறையிலேயே பெண்களுக்கான பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி, தலை கழுவ ஒரு தொட்டி. அந்தத் தொழில் பாதி கையில் இருக்கிறது, பாதி வாயில் இருக்கிறது. “உங்களுக்கு வயசே தெரியலக்கா” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். வயசு தெரியாத முகம் ஒன்றாவது அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுண்டா என்றால் கிடையாது. ஆனால் ஏறும்போது வாடியிருந்த முகம் இறங்கும்போது மலர்ந்திருக்கும். இதைப் போய்ப் பாவம் என்று யாராவது சொல்வார்களா?

அவள் புருஷன் சொன்னார்.

அவருக்கு மெத்தைக் கடையில் வேலை. போகவர பஸ்ஸில் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு தத்துவப் பேச்சு கேட்பார். எந்தக் காலத்திலோ இருந்த ஒரு ஞானி சொன்னாராம், பொய் எந்த நிலையிலும் தப்பு என்று. கொல்ல வருகிறவன் வாசலில் நின்று ‘உன் சிநேகிதன் உள்ளே இருக்கானா’ என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாதாம். ஆளாளுக்கு வசதிப்படி பொய் சொல்ல ஆரம்பித்தால் மனுஷன் பேச்சுக்கே மதிப்பு போய்விடும், அப்புறம் பொய்யைக்கூட நம்ப ஆள் இருக்காது என்பது கணக்கு.

“அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சா?” என்று கேட்டாள் பெரியவள்.

“இல்ல. கடைசிவரைக்கும் ஒத்த ஆளு.”

“அதானே பார்த்தேன்! ஆயிரம் பொய் சொல்லித்தான் ஒரு கல்யாணமே பண்றாங்க. நம்ம கல்யாணத்துல எத்தனைன்னு உங்க அம்மாவைக் கேளுங்க.”

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஆரம்பித்தார். முதுகுவலிக்கு இந்த மெத்தை நல்லதா என்று கேட்ட வாடிக்கையாளரிடம், “தெரியாதுங்க. நானும் இதுலதான் படுக்கறேன், எனக்கே முதுகுவலி” என்றார். முதலாளி அவரை விற்பனையிலிருந்து எடுத்து கிடங்குக்குத் தள்ளினார். நாத்தனார் தன் மகளைப் பாடவைத்து “எப்படிண்ணா?” என்று ஆசையாகக் கேட்டாள். “இவளுக்குப் பாட்டு வேண்டாம்மா” என்றார். நாத்தனார் வருவதை நிறுத்திவிட்டாள், அதில் பெரியவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. சொந்தக்காரர்கள் அவருக்குச் ‘சத்தியசந்தர்’ என்று பேர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். போகப் போக அதில் கேலி குறைந்து, அவர் ஒன்றைச் சொன்னால் அதற்குமேல் யாரும் வாதாடுவதில்லை என்றாகிவிட்டது.

எல்லாரும் மெச்சினார்கள், பெரியவளுக்கு மட்டும் உறுத்தியது. நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் மனுஷன் திடீரென்று ஏன் நல்லவனாக வேண்டும்? மடியில் கனமில்லாதவன் வழியில் நின்று மடியை உதறிக் காட்டுவானா? அவர் குளிக்கப் போனபோது சட்டையை மோந்து பார்த்தாள். போனைத் துழாவினாள். ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லாதது அவளுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

ஒரே ஒரு ஆறுதல், அவருக்குப் பொய் சொல்லவே வராது என்பது. முன்பெல்லாம் சிநேகிதர்களோடு உட்கார்ந்துவிட்டு வந்து “பஸ் கிடைக்கல” என்பார். அதைச் சொல்வதற்குள் நாலு தடவை எச்சில் விழுங்குவார். வாசலிலேயே பிடித்துவிடுவாள். நாளெல்லாம் மற்றவர்கள் முகத்தையே பார்த்துப் பிழைக்கிறவளிடம் ஒரு மெத்தைக் கடைக்காரர் எதை ஒளிக்க முடியும்?

ஒரு நாள் சாயங்காலம் இருவருமாக பார்லர் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டாள். “பொய் சொல்லமாட்டீங்கல்ல? அப்போ சொல்லுங்க. உங்க மனசுல வேற யாராவது இருக்காங்களா?”

அவர் துண்டைக் கீழே வைத்தார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார். “இல்ல. யாரும் இல்ல” என்றார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓரத்தில் அரித்துக்கொண்டிருந்த ஒன்று அன்றைக்கு அடங்கியது. அந்த ஞானி நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்கப்புறம்தான் சின்னவள் வந்தாள். விடிந்தும் விடியாமலும் ஒரு கைப்பையோடு வாசலில் நின்றாள். கழுத்தைச் சுற்றி துப்பட்டாவை இறுக்கிப் போட்டிருந்தாள். பெரியவள் அதை விலக்கிப் பார்த்தாள். விரல் தடம் விரல் தடமாகக் கன்றிப்போயிருந்தது.

“இந்தத் தடவை கழுத்தைப் பிடிச்சுட்டான்க்கா. பக்கத்து வீட்டுல கதவைத் தட்டினாங்க, அதனால விட்டான்.”

சின்னவளின் புருஷனுக்குக் குடும்பத்தில் ‘தங்கக்கட்டி’ என்று பேர். அவ்வளவு பணிவு, அவ்வளவு மரியாதை. பெரியவர்கள் நின்றால் உட்காரமாட்டான். முன்பு ஒரு தடவை சின்னவள் போலீஸுக்குப் போனபோதும் அங்கே இருந்தவர்களையெல்லாம் பேசிக் கவிழ்த்து, சின்னவளுக்கே புத்திமதி வாங்கிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனவன். இப்போது சின்னவளுக்கு வெளியூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் தங்க அறையும் ஏற்பாடாகியிருந்தது. அடுத்த வாரம் போய்ச் சேர்ந்துவிடலாம். அதுவரை அவள் இங்கே இருப்பது தங்கக்கட்டிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அடுத்த தடவை கழுத்தைப் பிடித்ததோடு விடமாட்டான்.

பெரியவள் தங்கையைப் பின்னறையில் வைத்தாள். அவள் செருப்பை எடுத்து அலமாரிக்குள் ஒளித்தாள். எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத் திரும்பினால், மறைக்க முடியாத ஒன்று நடுவீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தது.

“அவன் வந்து கேட்டா நீங்க என்ன சொல்லுவீங்க?” என்றாள் புருஷனிடம்.

அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார், “தெரியல.”

“தெரியலன்னா?”

“பொய் சொல்லமாட்டேன்னு சொல்லியிருக்கேன். அவளைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். ரெண்டையும் எப்படிச் சேர்த்துப் பண்றதுன்னுதான் யோசிச்சுட்டு இருக்கேன்.”

“நீங்க யோசிச்சு முடிக்கிற வரைக்கும் அவளுக்குக் கழுத்து இருக்கணுமே! ஒண்ணும் பேசாம நின்னுடுங்களேன்.”

“பேசாம நின்னா, அவ உள்ள இருக்கான்னு பச்சக் குழந்தைக்கும் புரிஞ்சிடும்.”

அதுவும் சரிதான். வயிற்றெரிச்சலோடு எழுந்து போனாள். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்தால்கூட அது குடித்துவிடும் என்று தெரியும். இவர் என்ன செய்வார் என்றே தெரியவில்லையே! சகலைகள் இருவரும் ஒருகாலத்தில் ஒட்டிப் பழகியவர்கள் என்பது வேறு ஞாபகத்துக்கு வந்து குடைந்தது. அவர் கேட்டுக்கு வெளியே நின்று போன் பேசினால் ஜன்னலோரம் போய் நின்றாள். சின்னவளும் ஒரு தடவை மெதுவாகக் கேட்டாள், “அக்கா, மாமா என்னைக் காட்டிக்கொடுத்துடுவாரோ?”

“சீ, வாயைக் கழுவு” என்றாள் பெரியவள். அவளுக்கும் அதே பயம்தான்.

தங்கக்கட்டி முதலில் போனில்தான் வந்தான். “அக்கா, அவ அங்க வந்தாளா?”

“ஐயையோ, என்ன மாப்பிள்ளை சொல்றீங்க! இங்க வரலியே! எங்க போனான்னு தெரியலையா?” என்று பெரியவள் கண்ணீரே விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அவள் பூசணித் தோட்டத்தையே மறைத்தாள்.

அவன் மெதுவாகச் சிரித்தான். “நீங்க அப்படித்தான்க்கா சொல்லுவீங்க. ஞாயித்துக்கிழமை வர்றேன். சகலையைக் கேட்டுக்கறேன். அவர்தான் பொய் சொல்லமாட்டாரே.”

பெரியவள் ஞாயிற்றுக்கிழமை காலையில் புருஷனை வெளியே அனுப்பத் தலைகீழாக நின்று பார்த்தாள். “நான் இல்லன்னா அவனுக்குச் சந்தேகம் வரும். வீட்டுக்குள்ள புகுந்து தேடுவான்” என்று சொல்லி அவர் அசையவில்லை. சரி, வருகிறவன் முன்பக்கம் பார்லர் வழியாகத்தானே வருவான், நாமே பார்த்துக்கொள்வோம் என்று கதவையே பார்த்தபடி ஒரு அம்மாளுக்குத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

அவன் வீட்டாட்கள் புழங்கும் பக்கவாட்டு வாசலுக்குப் போய்விட்டான். மணி அடித்தது. பார்லருக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த நடைக்கதவு திறந்திருந்ததால் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. அவள் புருஷன் எழுந்து போய்க் கதவைத் திறந்தார். தங்கக்கட்டி ஒரு பை நிறையப் பழத்தோடு நின்றான். ஓடிப்போய் நடுவில் விழலாம் என்று கால் துடித்தது. ஆனால் அவள் ஓடினால் அந்த ஓட்டமே பதில் சொல்லிவிடும். பிரஷ்ஷைப் பிடித்தபடி நின்றாள்.

“சகல, சுத்தி வளைக்கல. என் பெண்டாட்டி இங்க இருக்காளா?”

“இல்ல” என்றார் அவர்.

எச்சில் விழுங்கவில்லை. கண் அவன் கண்ணிலேயே இருந்தது. அதோடு நிறுத்தியிருந்தாலே போதும், அவர் நிறுத்தவில்லை.

“உன்கிட்ட மறைக்கல, வந்தா. விடிய வந்து நின்னா. நான்தான் உள்ள விட வேண்டாம்னு சொன்னேன். புருஷன் பெண்டாட்டி சண்டையில நமக்கென்னன்னு நினைச்சேன். அழுதுகிட்டே போனா. அன்னைக்கிலேருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல.” குரல் கம்மியது. கண்கூடக் கலங்கியது.

“அக்கா வரவே இல்லன்னாங்களே?”

“அவ சொல்லுவா. அவ தொழிலே அதுதானே. உனக்குத் தெரியாதா?”

தங்கக்கட்டி தலையாட்டினான். “எங்க போனா?”

“கூடப் படிச்சவ யாரோ ஒருத்தி ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான்னு சொன்னா. பேரைக் கேட்டு வச்சிருக்கணும், கேக்கல. என் தப்புதான்.” கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். “உள்ள வந்து பாரேன். பார்த்தாதான் உனக்கும் மனசு ஆறும்.”

பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூடக் கிடையாது.

“சேச்சே, என்ன சகல நீங்க! வேற யாராவது சொன்னா தேடுவேன். நீங்க சொன்னா போதும்.” பழப்பையை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு அவன் போனான். ரயில் நிலையப் பக்கமாகத்தான் போனான்.

“பாப்பா, சாயம் காதுல வழியுது” என்றாள் நாற்காலியில் இருந்த அம்மாள்.

எப்படி அந்தத் தலையைக் கழுவி அனுப்பினாளோ தெரியாது. உள்ளே ஓடினாள். சின்னவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் தரையில் உட்கார்ந்திருந்தாள். “அக்கா, மாமா தெய்வம்க்கா! எனக்கே நம்பிக்கை வந்துடுச்சு, நான் இங்க இல்லையோன்னு!”

அவர் சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நன்றி பொங்கிக்கொண்டு வந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியுமா? “என் தங்கச்சி உயிரைக் காப்பாத்திட்டீங்க. உங்களைப் போய் என்னென்னமோ நினைச்சுட்டேன்” என்றாள்.

அவர் கை வேர்வைகூட இல்லாமல் காய்ந்து சில்லென்றிருந்தது.

“முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தீங்களா?”

“இல்ல. வாயில வந்துச்சு, சொன்னேன்.”

வாயில் வந்ததா? கண்ணீரும் கூடவே வந்ததா? உள்ளே வந்து பார் என்று கதவைத் திறந்துவிடும் தைரியமும் அப்போதுதான் வந்ததா? பஸ் கிடைக்கவில்லை என்று சொல்ல நாலு தடவை எச்சில் விழுங்கிய மனுஷன் எங்கே போனார்? அவள் பிடித்த பொய்களையெல்லாம் கெட்டிக்காரத்தனமாக அவளே பிடித்தாளா, இல்லை, பிடித்துக்கொள்ளட்டும் என்று இவர் விட்டுக்கொடுத்தாரா?

ஒன்று மட்டும் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. இன்றைக்கு அந்தப் பொய் செல்லுபடியானது, இவர் இத்தனை நாள் உண்மை பேசிப் பேர் எடுத்ததால்தான். தங்கை வருவாள் என்று யாருக்கும் தெரியாத நாளிலேயே இவர் அந்தப் பேரைச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டார். அப்படியானால் அது யாரை நம்பவைப்பதற்காக?

பிடித்திருந்த கையை விட்டாள். “இந்த மாதிரிப் பொய் என்கிட்ட எப்பவாவது சொல்லியிருக்கீங்களா?” என்றாள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். அவள் கண்ணை நேராகப் பார்த்தார்.

“இல்ல” என்றார்.

எச்சில் விழுங்கவில்லை, தடுமாறவில்லை. சற்றுமுன் கண்ணாடியில் பார்த்த முகம்தான், கேட்ட குரல்தான். அவர் சொன்னது நிஜமாகவே இருக்கலாம். நிஜமாக இருந்தாலும் இனி அது அவளுக்குத் தெரியப்போவதில்லை. வேறு எதைக் கேட்டு இதைச் சரிபார்ப்பது? கேட்டாலும் பதில் சொல்லப்போவது இதே வாய்தானே?

சின்னவள் கண்ணைத் துடைத்தபடி வந்து அக்காவின் தோளில் சாய்ந்தாள். “இனிமே பயமில்லல்லக்கா?”

“எதுக்குடி பயம்? ஒரு பயமும் இல்ல” என்றாள் பெரியவள். அவளும் எச்சில் விழுங்கவில்லை.