இருபத்துநான்கு கோடுகள்

அப்பாவுக்கு வேண்டியிருந்தது ஒரு கதிரைதான். கதிரையில் உட்கார்ந்துகொண்டு செய்கிற ஒரு வேலை. வால்தம்ஸ்டோவுக்கு வந்த ஐந்து வருடமும் அவர் கோழி பொதி செய்கிற தொழிற்சாலையில் நின்றுகொண்டே இருந்தார். குளிர் அறை, ஈரத் தரை, ரப்பர் சப்பாத்து. ஷிப்ட் முடிந்து வந்தால் வீட்டுப் படியில் ஏறுமுன் கைப்பிடியைப் பிடித்தபடி கீழே நிற்பார்.

"வாறியளோ, இல்லாட்டிச் சாப்பாட்டைக் கயித்தில கட்டி இறக்கட்டோ?" என்று அம்மா மேலேயிருந்து கேட்பார். சிரிக்கவும் அலுப்பாக, அப்பா கையை மட்டும் ஆட்டுவார்.

யாழ்ப்பாணத்தில் அவர் சித்திர ஆசிரியர். யேசுரட்ணம் மாஸ்டர் என்றால் சாவகச்சேரிப் பக்கம் தெரியும். இங்கே அந்தக் கைக்குக் கிடைத்த ஒரே வேலை தேவாலய மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதுவது. அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மிஸ்டர் ஹால்டன் அப்பாவைத் தேடி வந்தார். சைக்கிள் ஓட விரும்புகிற ஆங்கிலேயரை இத்தாலியின் மலைநாட்டுக்கு விடுமுறைக்கு அனுப்புவது அவருடைய தொழில். பயணத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அட்டை வேண்டும். ஒரு பக்கத்தில் பாதையின் படம். மறுபக்கத்தில் எத்தனையாவது கிலோமீற்றரில் எந்தப் பக்கம் திரும்புவது என்ற குறிப்பு. பத்து அட்டையும் சரியாக வந்தால் செப்டம்பரிலிருந்து தன் அலுவலகத்திலேயே நிரந்தர வேலை என்றார்.

"அங்கை கதிரை இருக்குமோ எண்டு கேள், பிள்ளை," என்றார் அப்பா. நான் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

படம் அப்பா, குறிப்பு நான். அப்போது எனக்குப் பதினேழு வயது. பதினைந்தில் பள்ளிக்கூடத்தை விட்டிருந்தேன். ஆசிரியை கேள்வி கேட்டால் விடை தெரியும், வாய் திறக்காது. ஒரு நாள் போகாமல் விட்டேன், பிறகு ஒரு கிழமை, பிறகு போகவேயில்லை. ஆனால் குறிப்பு எழுத வாய் தேவையில்லை. ஹால்டன் கொடுத்த பெரிய வரைபடத்தில் வீதியின் வளைவுகளுக்கு மேலே நனைத்த நூலை வைத்து, பிறகு அதை நிமிர்த்தி அடிமட்டத்தில் அளப்பேன். தேவாலயம், வலம். கல்லுப் பாலம், நேரே. திராட்சைத் தோட்டத்தின் மதில் முடிந்ததும், இடப்பக்கம். அந்த வசந்தகாலம் முழுக்க, நான் ஒரு நாளும் காணாத வீதிகளில் எங்கே தண்ணீர்க் குழாய் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

தொண்ணூற்றொன்று மே மாதம், ஆறாம் நாள் அட்டையில் சிக்கல் வந்தது. பாதையிலிருந்த பாலம் ஒன்றைத் திருத்த வேலைக்காக மூடிவிட்டார்கள். ஆற்றோரமாகப் போன நாற்பத்தாறு கிலோமீற்றருக்குப் பதிலாக வேறு வழி ஒன்று பார்த்து அனுப்பச் சொன்னார் ஹால்டன். ஞாயிறு பூசை முடிந்து வந்து, அப்பா வரைபடத்தை மேசையில் விரித்தார். இரண்டு ஊருக்கும் நடுவே விரலை வைத்து இழுத்தார்.

"இஞ்சை பார், நேர் வீதி ஒண்டு கிடக்கு. அள."

அளந்தேன். பத்தொன்பது கிலோமீற்றர்.

"சனத்துக்கு இருபத்தேழு கிலோமீற்றர் மிச்சம்! இதை ஏன் அந்த மனிசன் காணேல்லை?"

அந்த நேர் வீதி, நெருங்கிக் கிடந்த மண்ணிறக் கோடுகளை வெட்டிக்கொண்டு போயிற்று. அவை சமவுயரக் கோடுகள். பூமிசாஸ்திரப் பாடத்தில் படித்திருந்தேன். கோடுகள் நெருங்க நெருங்க நிலம் செங்குத்து. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் இருபத்தைந்து மீற்றர் உயரம். நான் எண்ணினேன். இருபத்துநான்கு.

"அப்பா, இந்தக் கோடுகள்..."

"அது அழுக்கு மாதிரிக் கிடக்கு. நான் கீறேல்லை. படம் துப்பரவா இருக்கவேணும்." அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தை நான் கண்டு கனநாள். "பத்தொன்பது எல்லாம் ஒரு தூரமே? சாவகச்சேரியிலயிருந்து பட்டணம் போய்ப் பெயின்ற் வாங்கிக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடுவன்."

யாழ்ப்பாணத்தில் மேடு என்று சொல்லக்கூடியது ரயில் பாதையைக் கடக்கிற இடம் மட்டும்தான். அங்கே சைக்கிள் ஓடினவருக்குத் தூரம் என்றால் தூரம். அது மேலேயும் போகலாம் என்று யாராவது அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் குறிப்பை எழுதி முடித்தேன்.

ஜூன் கடைசியில் ஹால்டன் தொலைபேசியில் பேசினார். குரல் உயரவில்லை, அது இன்னும் பயமாக இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் அந்த வீதியில் ஐந்து மணித்தியாலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார்கள். சல்லிப் பாதை, வெயில், குடிக்கத் தண்ணீர் இல்லை. கடைசியில் ஒரு கமக்காரர் அவர்களை டிராக்டரில் ஏற்றியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை அப்பாவும் நானும் அலுவலகத்துக்கு வரவேண்டும் என்றார்.

அப்பா நம்பவில்லை. "பத்தொன்பது கிலோமீற்றருக்கு ஐஞ்சு மணித்தியாலமோ? வழியில படுத்து நித்திரை கொண்டிருப்பினம்."

ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டு அருட்பிரகாசம் அண்ணையிடம் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனோம். "மாஸ்டர், றேஸ் ஓடப் போறியளோ? பிறேக் கொஞ்சம் சரியில்லை, சொல்லிப்போட்டன்," என்றார் அவர். பக்கத்துச் சிங்ஃபோர்ட்டில் கிங்ஸ் ஹெட் ஹில் என்று ஒரு செங்குத்தான வீதி இருக்கிறது. அதன் அடிவாரத்தில் நான் நின்றேன். அப்பா காற்சட்டைக் காலை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஏறினார்.

முதலில் நன்றாகத்தான் போனார். பிறகு சைக்கிள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. பாதிக்குக் கிட்ட ஒரு காலை ஊன்றினார். இறங்கினார். ஒரு வீட்டு மதிலைப் பிடித்தபடி நின்றார். நான் ஓடிப் போனபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"இது எத்தினை கோடு?" என்று கேட்டார். அவர் கோட்டைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"முழுக்க ஏறினால் ரெண்டு, அப்பா."

"அந்த வீதிக்கு?"

"இருபத்துநாலு."

அவர் மேலே பார்த்தார். ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைப் பையுடன் எங்களைத் தாண்டி நடந்து போனாள்.

"அண்டைக்கே எண்ணினனியோ?"

"ஓம்."

அவர் என்னை ஏசவில்லை. "பாவம், அந்தக் கிழவி," என்றார். சைக்கிளைத் திருப்பினார். பிறேக் சரியில்லாததால் கீழே வரும்வரை இரண்டு பேரும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை அப்பா கோட் போட்டுக்கொண்டு வந்தார். ஹால்டனின் அலுவலகத்தில் ஜன்னலுக்குக் கிட்ட ஒரு மேசையும், அதற்கு முன்னால் நீலத் துணி போட்ட சுழல் கதிரையும் இருந்தன. அப்பா அதைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"பிழை என்ரை எண்டு சொல்லு. எனக்கு மலை தெரியாது எண்டு சொல்லு."

ஹால்டன் காத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் போலவே எனக்கு விடை தெரிந்தது, வாய் திறக்கவில்லை. ஆனால் அப்பா வேலைக்குப் போகாமல் நின்ற நாள் அது. சும்மா திரும்பிப் போக முடியாது. ஆங்கிலத்தில் சொன்னேன்: "அந்தக் கோடுகளை நான் பார்த்தேன். இருபத்துநான்கும் எண்ணினேன். அப்பாவுக்குச் சொல்லாமல் விட்டது நான். எங்கள் ஊரில் மலை இல்லை, அவருக்குத் தெரிய வழியில்லை. அவருடைய படத்தில் வேறு ஒரு பிழையும் இல்லை. தயவுசெய்து அவருக்கு வேலையைக் கொடுங்கள்."

அதுவரை நான் ஒரு வெள்ளைக்காரருக்குச் சொன்ன வசனங்களை எல்லாம் சேர்த்தாலும் அவ்வளவு வராது.

ஹால்டன் மற்ற ஒன்பது அட்டைகளையும் எடுத்து ஒவ்வொன்றிலும் எங்கே ஏற்றம் என்று கேட்டார். சொன்னேன். அவற்றை நான் எப்போதோ எண்ணி வைத்திருந்தேன். அவர் அட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, கோடையோடு ஒரு கம்பியூட்டர் வாங்கப்போவதாகவும், இனி எழுத்தையும் படத்தையும் அது பார்த்துக்கொள்ளும் என்றும் சொன்னார். தனக்கு வேண்டியது வரைபடத்தை வாசிக்கிற ஆள். செப்டம்பருக்கு நீ வருகிறாயா என்று என்னைக் கேட்டார். அப்பாவுடைய எழுத்து மிக அழகு, வருத்தம் என்றும் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

மாற்றிச் சொல்லியிருக்கலாம். இரண்டு பேருக்கும் வேலை என்றுகூடச் சொல்லியிருக்கலாம், பஸ் வரும்வரைக்குமாவது. ஒருமுறை சொல்லாமல் விட்டதன் விலை போதும் என்று தோன்றியது.

"வேலை எனக்காம், அப்பா. உங்களுக்கு இல்லையாம்."

அப்பா தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். பிறகு எழுந்து ஹால்டனுக்குக் கை கொடுத்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நன்றி சொன்னார்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை இருவரும் ஒரே நேரத்தில் வெளிக்கிட்டோம். அப்பா படியில் உட்கார்ந்து ரப்பர் சப்பாத்தைக் காலில் ஏற்றிக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்க நேரமெடுத்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த நீலக் கதிரைதானே உனக்கு?"

"ஓம், அப்பா."

"சாய்மானம் இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப போதும்," என்றார். எழும்புவதற்கு என் கையைக் கேட்டார். கொடுத்தேன்.