பட்டுப்பூனைகளின் மூன்றாவது பாட்டு

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. லண்டன் ஈஸ்ட் ஹாமில் றோஸ்மலர் அக்காவின் அழகு நிலையத்தில், என் மனைவியின் தலை அலங்காரம் முடியட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது கிடைத்தது. சுவர் நிறைய மணப்பெண்களின் படங்கள். அவர்களில் ஒருத்திக்கு மீசை இருந்தது.

"அது எங்கட இவர்," என்றார் அக்கா.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘தேம்ஸ் நதியின் மேல் பனி படர்ந்திருந்த ஒரு—’ வேண்டாம். அக்காவின் கணவர் வாமதேவன் ஹீத்ரோவில் பயணப்பெட்டி ஏற்றுகிறவர். அவருக்கும் தேம்ஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

2

லண்டனுக்கு வருமுன் வாமதேவன் ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். அங்கே சமையற்காரன் ஓயாமல் போட்ட கசெட்டுகளில் கிளாம் மெட்டல் அவரைப் பிடித்துக்கொண்டது. ஆண்கள் முடியை ஊதிப் பெருப்பித்து, உதட்டுச்சாயம் பூசி, இறுக்கமான காற்சட்டையோடு கதறிப் பாடும் சங்கீதம் அது. உலகம் அதை மறந்து பல வருடங்களுக்குப் பிறகு, இரண்டாயிரத்து மூன்றில், ஈஸ்ட் ஹாமில் அதற்கு மறுபிறப்பு. பாட்டுக்கு வாமதேவன், கிற்றாருக்கு நண்பர் புவனேந்திரன், ட்ரம்ஸுக்குப் புவனேந்திரனின் மைத்துனர்.

(இப்படியும் ஓர் ஆள் இருப்பாரா? நானும் சந்தேகப்பட்டேன். ஒரு வரைவில் அவரை வயலின் வித்துவானாக்கிப் பார்த்தேன். கதை உடனே மரியாதையாகி, செத்துப்போனது.)

ஒத்திகை விஷயம் வீட்டுக்குத் தெரியாது. ஒருநாள் அவருடைய சேட்டுக் கொலரில் றோஸ்மலர் சிவப்புச் சாயத்தைக் கண்டார்.

"ஆர் அவள்?"

வாமதேவன் நிலத்தைப் பார்த்தார். "நான்தான்."

அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். றோஸ்மலர் கொலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உங்கட நிறத்துக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்காது," என்றார். அடுத்த ஒத்திகைக்குத் தன் மேக்கப் பெட்டியோடு அவரும் போனார்.

3

இனி இசைக்குழுவின் வளர்ச்சி அத்தியாயம் அத்தியாயமாக விரியவேண்டும். குழு அதற்கு ஒத்துழைக்கவில்லை. முதலில் வைத்த பெயர் ‘சிறுத்தைகள்’. காற்சட்டையின் புள்ளிகளைப் பார்த்து வைத்தது. அரசியல் கூட்டத்துக்கு இடமில்லை என்றுவிட்டார் மண்டபக்காரர். ‘பட்டுப்பூனைகள்’ ஆனார்கள். பிறந்தநாள்களுக்கும் பெண்பிள்ளைகளின் பூப்பு விழாவான சாமத்திய வீடுகளுக்கும் அழைப்பு வந்தது. முடியும் மினுக்கமும் அப்படியே இருக்கட்டும், பாட்டு மட்டும் பழைய சினிமாப் பாட்டாக இருக்கட்டும் என்றார்கள். வாமதேவன் பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார். (பல்லைக் கடித்துக்கொண்டு பாட ஏலாது என்று என் மனைவி ஓரத்தில் எழுதியிருக்கிறார். சரி, மனதுக்குள் கடித்தார்.)

பிறகு கம்டனில் ஒரு பப்பில், சொந்தப் பாட்டுகளோடு மேடை கிடைத்தது. முதலாவது பாட்டுக்கு வெள்ளைக்கார இளசுகள் சிரித்தார்கள். இரண்டாவதுக்கு இன்னும் சிரித்தார்கள். நகைச்சுவை நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். மூன்றாவது, றோஸ்மலருக்காக அவர் தமிழில் எழுதிய மெதுவான பாட்டு. அதன் நடுவில், வியர்வையில் வழுக்கி, பொய்முடி கழன்று விழுந்தது. மொட்டைத்தலை வெளிச்சத்தில் மின்னியது. சிரிப்பில் பப்பே அதிர்ந்தது. வாமதேவன் பாட்டை நிறுத்திவிட்டார்.

றோஸ்மலர் மேடையில் ஏறினார். அவசரப்படவில்லை. முடியை எடுத்து உதறி, பசை தடவிப் பொருத்தி, மணப்பெண்ணுக்குச் செய்வதுபோல் காதோரம் சீவிவிட்டார். காதில் ஏதோ சொன்னார். விட்ட இடத்திலிருந்து வாமதேவன் பாடினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

(காதில் என்ன சொன்னார்? வாமதேவன் வாய் திறக்கமாட்டார். "தலையை ஆட்டாதேங்கோ எண்டனான்," என்கிறார் அக்கா. நான் எழுதிவைத்திருந்த காதல் வசனமெல்லாம் வீண்.)

4

பப்காரர் மாதாமாதம் வரச்சொன்னார். ஒரே நிபந்தனை: ஒவ்வொரு முறையும் முடி விழவேண்டும்.

முடிவு ஒன்று: வாமதேவன் தலைநிமிர்ந்து மறுத்துவிட்டு— இதைக் காட்டியபோது புவனேந்திரன், "அவ்வளவு ரோசக்காரன் எண்டால் சாமத்திய வீட்டில பாடியிருப்பாரோ?" என்று கேட்டார். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: சம்மதித்து, நெஞ்சு வெடித்து— இது வாமதேவனுக்கே பிடிக்கவில்லை.

உண்மையில் அவர் சம்மதித்தார். வெடிக்கவும் இல்லை. வருடக்கணக்கில் முடி விழுந்தது, றோஸ்மலர் ஏறி ஒட்டினார், பாட்டு தொடர்ந்தது. பொருள் தெரியாமலே சிலர் கூடப் பாடவும் பழகினார்கள்.

இரண்டாயிரத்து எட்டில் பப்பை மூடினார்கள். கடைசி நிகழ்ச்சியில் முடி விழவில்லை. பசை கூடிப்போனதா, அவர் வேண்டுமென்றே அசையாமல் நின்றாரா? கேட்டால் அக்கா அவரைக் காட்டுகிறார், அவர் அக்காவைக் காட்டுகிறார். சனம் காத்திருந்தது. வாமதேவன் மூன்றாவது பாட்டைத் தடங்கலில்லாமல், முதன்முறையாக, முழுதாகப் பாடி முடித்தார்.

அதன்பிறகு அந்தக் கூட்டம் என்ன செய்தது என்பதில் இருவர் சொல்வதும் ஒத்துவரவில்லை. நான் அங்கே இருக்கவும் இல்லை. நீங்கள் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

அதுதான் நடந்தது.