பட்டியலில் இல்லாத பிள்ளை

சில்வர் தட்டைச் சஞ்சீவனி வேண்டுமென்றேதான் கீழே போட்டாள்.

நான்கு வயது மகன் யுகேஷ் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சோடா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். தட்டு சிமெந்துத் தரையில் விழுந்து, சுழன்று, நடுங்கி அடங்கியது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் நாய் குரைத்தது. பிள்ளை திரும்பவில்லை. ஒரு மூடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மற்றதன் பக்கத்தில் வைத்தான்.

நேற்று திரும்பினான். முந்தாநாள் திரும்பவில்லை. நேற்று திரும்பியது சத்தத்துக்கா, தரை அதிர்ந்ததுக்கா, இல்லை சும்மாதானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக இதே வேலையாகிவிட்டது. கதவை அடித்துச் சாத்துவாள். அவன் தலைக்குப் பின்னால் கை தட்டுவாள். மெதுவாகப் பெயரைக் கூப்பிடுவாள், பிறகு கொஞ்சம் உரக்க, பிறகு இன்னும் உரக்க. எல்லாமே புருஷன் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டும்.

புருஷன் சுதேஷ் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து விடியவே பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவான். பிள்ளை பேசாததைப் பற்றி அவன் அதிகம் கவலைப்பட்டதில்லை. "எங்கப்பாவும் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாராம். தொறந்த பிறகு மூடவே இல்ல" என்று சிரிப்பான். அப்பா என்று சொன்னதும் சிரிப்பு அரைவாசியில் நின்றுவிடும். சஞ்சீவனி உடனே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

போன மாதம் பாலர் பாடசாலை டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்: "இவன் என்னோட வாயத்தான் பார்க்கிறான். நான் திரும்பி நின்னு பேசினா, இவனுக்கு நான் இல்லவே இல்ல."

அடுத்த கிழமை கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸின் கையில் ஒரு பட்டியல் இருந்தது. "கோவிட் காலத்துல வயித்துல இருந்தப்ப, அம்மாவுக்கு அது வந்த புள்ளைங்கள மட்டும் கண்டிக்குக் கூப்பிட்டிருக்காங்க. காது, கண்ணு, பேச்சு, நடை எல்லாம் பார்ப்பாங்களாம். வருஷா வருஷம் பார்ப்பாங்களாம்." விரலால் பெயர்களைத் தடவிக்கொண்டே போனவர் நிமிர்ந்தார். "ஒங்க புள்ள பேரு இல்ல. ஒங்களுக்குத்தான் வரலயே, பயப்பட ஒண்ணுமில்ல."

சஞ்சீவனி தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து, பிள்ளைத்தாய்ச்சி அட்டையை எடுத்தாள். அதில் ஒட்டியிருந்த சின்னக் கோவிட் பரிசோதனைத் துண்டில் அவள் பெயர், இரண்டாயிரத்து இருபத்தொன்று ஓகஸ்ட் மாதத்துத் தேதி ஒன்று, பக்கத்தில் 'இல்லை' என்ற முடிவு. பெயர் அவளுடையது. மூக்கு அவளுடையதல்ல.

அந்த ஓகஸ்டில் அவளுக்கு ஐந்தாம் மாதம். ஊரடங்கு. சுதேஷை வேலைத்தல விடுதியிலேயே நிறுத்திவைத்துக்கொண்டார்கள். வீட்டில் அவளும், மாமனார் கணபதியும், சுதேஷின் தங்கை சுதர்சினியும் மட்டும். ஒரு காலை அவளுக்கு உடம்பு காய்ந்தது. தேங்காயெண்ணெய்ப் போத்தலை முகர்ந்தாள். வாசமே இல்லை, தண்ணீர் மாதிரி இருந்தது. அன்றைக்கே பார்த்து, மூக்கில் குச்சி விட்டுக் கோவிட் பார்க்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வந்து உட்கார்ந்தார். லயத்தில் எல்லாரும் வரிசையில் வரவேண்டும், கர்ப்பிணிகளும்தான். பிடிபட்டால் ஆம்புலன்ஸ். தனியாகத்தான் ஏற வேண்டும்.

முதல் பிள்ளை அவளுக்கு ஆறாம் மாதத்தில் ஆஸ்பத்திரியில்தான் போனது. ஆம்புலன்ஸ் என்றதும் அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிப்போனாள்.

யோசனை சுதர்சினியுடையது. "சும்மா அழாதீங்க அண்ணி. மாஸ்க் போட்டா லயத்துல எல்லாருக்கும் ஒரே மூஞ்சிதான்." காலையில் தன் பெயருக்கு மூக்கைக் காட்டிவிட்டு வந்தவள், மத்தியானம் அண்ணியின் சட்டையைப் போட்டு, மடித்த துவாயை வயிற்றில் கட்டி, அண்ணியின் அட்டையோடு போய் மறுபடி நின்றாள். திரும்பி வந்து துவாயை அவிழ்த்துவிட்டுச் சிரித்தாள். "அந்தப் பரிசோதகர் மாத்தயா எனக்குக் கதிரை எல்லாம் போட்டுக் குடுத்தாருங்க அண்ணி. 'மெதுவா, மெதுவா'ன்னு சொன்னாரு."

நான்கு நாளில் சஞ்சீவனியின் காய்ச்சல் போய்விட்டது. ஒன்பதாம் நாள் கணபதி இருமத் தொடங்கினார். கண்டிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து அவர் திரும்பவில்லை. மூடிய பெட்டியை எரித்ததை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை, சுதேஷும்தான்.

யாரால் வந்தது என்று சுதேஷ் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். தன்னோடு கூடப் படித்த லெட்சுமணன் அந்த நாட்களில் ஊரடங்குக்குத் தப்பிக் கொழும்பிலிருந்து வந்து, வாசலில் அப்பாவோடு கரம் போர்ட் விளையாடினான். அவனால்தான். அன்றிலிருந்து லெட்சுமணன் ஒரு பக்கம் வந்தால் சுதேஷ் மறுபக்கம் போவான். நான்கு வருஷமாகச் சஞ்சீவனி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாளும் ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது அக்குறணையில் ஒரு புடவைக் கடையில் நிற்கும் சுதர்சினிக்கு அவள் போன் எடுத்தாள்.

"பட்டியல்ல பேரு இல்லாட்டி விடுங்க அண்ணி. பேசாத புள்ளைங்க எத்தனை இருக்கு?"

"எனக்கு அது வந்ததுனாலதான் இவன் இப்புடின்னா?"

மறுபக்கம் புடவை மடிக்கும் சத்தம் நின்றது.

"வாயத் தொறக்காதீங்க" என்றாள் சுதர்சினி, குரலைத் தாழ்த்தி. "அண்ணன் ஒங்களயாவது மன்னிக்கும். என்னய வீட்டு வாசல்ல ஏத்தாது. வைக்கிறேன், கஸ்டமர் நிக்கிது."

டீச்சர் சொன்னதைக் கேட்ட சுதேஷ்தான் பிடிவாதமாக நின்றான். "பட்டியல்ல பேரு இல்லாட்டி என்னா? நம்மளே கூட்டிட்டுப் போவோம். நான் லீவு போட்டுட்டேன்."

"நான் தனியாப் போய்ட்டு வாறேங்க."

"போயி? ஒனக்கு என்னா சிங்களம் தெரியும்? பஸ்ஸுல 'பஹின்ன' சொல்லத் தெரியும். டொக்டர்ட்ட எறங்குறேன்னு சொல்லுவியா?"

வத்தேகம வழியாகப் போகும் பஸ்ஸில் யுகேஷ் அவள் மடியில் இருந்தான். வளைவுகளில் ஹோர்ன் அலறும்போதெல்லாம் அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தன் மூச்சுப் புகையில் விரலால் கோடு கிழித்துக்கொண்டிருந்தான். இந்தப் பிள்ளையின் உள்ளே எங்கோ ஒரு கதவு, அவன் பிறக்கும் முன்பே சாத்தப்பட்டுவிட்டதோ என்று நினைத்தாள். எந்த நாளில்? அவள் தேங்காயெண்ணெய்ப் போத்தலை முகர்ந்த அந்தக் காலையிலா? அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஏறியிருந்தால் அது திறந்தே இருந்திருக்குமா? யாரிடமும் கேட்க அவளுக்கு வாய் இல்லை.

ஆஸ்பத்திரி நடைபாதையில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டியலில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் கடைசி அறைக்குள் போய் வந்தன. அதுதான் காது பார்க்கிற அறை. கருவிகளோடு வந்தவர்கள் அன்று மாலையோடு போய்விடுவார்கள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். பட்டியலில் இல்லாதவர்கள் வெளிநோயாளர் டொக்டரைப் பார்க்க வேண்டும்.

டொக்டர் நடுவயதுச் சிங்களப் பெண். யுகேஷின் கன்னத்தைத் தட்டி, கையில் ஒரு பொம்மையைக் கொடுத்தார். பிறகு சுதேஷைப் பார்த்துக் கேட்டார்.

"வயித்துல இருந்தப்ப காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது வந்திச்சான்னு கேக்குறாங்க" என்று சஞ்சீவனியிடம் சொன்ன சுதேஷ், அவள் வாய் திறக்கும் முன்பே டொக்டர் பக்கம் திரும்பி, "நே, டொக்டர்" என்று மறுத்தான். அதற்குமேல் சிங்களத்தில் ஏதோ நீளமாகச் சொன்னான். அப்பா என்பதற்கான சிங்களச் சொல் அதில் வந்தது. அந்தச் சொல் அவளுக்குத் தெரியும். டொக்டரின் முகம் இரக்கமாக மாறியது. அட்டையைப் புரட்டி, ஒட்டியிருந்த துண்டைப் பார்த்து, தலையசைத்தார்.

"என்னா சொன்னீங்க?"

"அப்பாவுக்குத்தான் வந்திச்சு, நீ தப்பிச்சிட்டன்னு சொன்னேன்."

டொக்டர் ஒரு துண்டில் எழுதினார். சுதேஷின் முகம் தெளிந்தது. "சில ஆம்பளப் புள்ளைங்க லேட்டாத்தான் பேசுமாம். காதுக்கு மட்டும் ஒரு தேதி தாறாங்க. அஞ்சு மாசம் போவுமாம், அவ்வளவு பேரு காத்துக்கிட்டு இருக்காங்களாம். பாத்தியா, நான் சொன்னேன்ல?" பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டான்.

எழுந்தால் போதும். கதவு வரைக்கும் ஏழெட்டு அடி. பிறகு பஸ், வீடு, அலுமாரி. ஐந்து மாதம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். யுகேஷ் அப்பாவின் தோளுக்கு மேலாக அவளையே பார்த்தான். அவள் முகத்தில் எதையோ தேடுகிற மாதிரி.

சஞ்சீவனி கதிரையை விட்டு எழவில்லை.

"என்னா? வா."

"எனக்கு வந்திச்சுங்க."

"என்னா வந்திச்சு?"

"அது. அஞ்சாம் மாசம். அந்தத் துண்டுல இருக்கிறது நான் இல்ல. என் பேருல சுதர்சினி போயி மூக்கக் காட்டினா." மூச்சு பற்றாமல் நிறுத்தினாள். "மாமாவுக்கு ஒம்பது நாளைக்கு முன்னாடி. மாமாவுக்கு என்னாலதான். லெட்சுமணனால இல்ல."

டொக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்கு அவ்வளவு வேகத் தமிழ் புரியவில்லை, ஆனால் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

சுதேஷ் நின்றபடியே நின்றான். வெளியே ஒரு தள்ளுவண்டி சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. பிள்ளையைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. அந்தக் கை பிள்ளையை இறக்கிவைத்துவிட்டு என்ன செய்யப்போகிறதோ என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் பிள்ளையை இறக்கிவைக்கவில்லை. திரும்பவும் கதிரையில் உட்கார்ந்தான். டொக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் பேசத் தொடங்கினான். மெதுவாக, மற்றவர் எழுதிக் கொடுத்ததை வாசிப்பவனைப் போல. அவள் பெயர் வந்தது. கோவிட் வந்தது. தங்கையின் பெயர் வந்தது. சஞ்சீவனி அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தாள், அப்பா என்பதற்கான சொல்லுக்காக. அவன் பேசி முடித்தான். அந்தச் சொல் வரவில்லை.

டொக்டர் கோபப்படவில்லை. சஞ்சீவனியின் பக்கம் கதிரையை இழுத்து, தெரிந்த கொஞ்சத் தமிழில் சொன்னார்: "இதுதான் காரணம்னு சொல்ல ஏலாது. தெரியாது. தெரியாததுக்குத்தான் பார்க்கிறது." பட்டியலை வரவழைத்து, அச்சடித்த பெயர்களுக்கெல்லாம் கீழே பேனாவால் யுகேஷின் பெயரை எழுதினார்.

கடைசி அறையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. தாய் தகப்பன் வெளியே உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே யுகேஷின் சின்னத் தலையில் பெரிய ஹெட்போன். கையில் ஒரு மரக்கட்டை. எதிரே ஒரு பிளாஸ்டிக் வாளி. சத்தம் கேட்டால் கட்டையை வாளிக்குள் போட வேண்டும். பரிசோதிக்கும் பெண் அதை இரண்டு மூன்று தடவை செய்து காட்டினாள். பிள்ளை கட்டையைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அப்பாவுக்கு அந்த நாள்ல சாப்பாடு யாரு குடுத்தது?" சுதேஷ் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்காமல் கேட்டான்.

"நான்தான்."

உள்ளே அந்தப் பெண் ஏதோ ஒரு குமிழைத் திருகினாள். பிள்ளையின் கை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருகினாள்.

"லெட்சுமணன் கல்யாணத்துக்கு நான் போகல்ல" என்றான் சுதேஷ். "வீடு தேடி வந்து கார்ட் வச்சான். வாங்கிக் கீழ போட்டேன்."

கட்டை வாளிக்குள் விழுந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தமே இல்லை. சஞ்சீவனி கண்ணாடிப் பக்கம் சாய்ந்தாள். கேட்டிருக்கிறது! அடுத்த கட்டையும் விழுந்தது. மூன்றாவதும். அவளை அறியாமல் ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்தது.

பிறகுதான் கவனித்தாள். யுகேஷ் வாளியைப் பார்க்கவில்லை. பரிசோதிக்கும் பெண்ணையும் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண்ணின் கை குமிழுக்குப் போகும்போது சஞ்சீவனி மூச்சைப் பிடிப்பாள். அதைப் பார்த்துக் கட்டையைப் போடுகிறான். நான்கு வருஷமாக இவன் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

உள்ளே இருந்த பெண்ணுக்கும் அது புரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வந்து, சிரித்தபடியே விரலைச் சுழற்றிக் காட்டினாள். அம்மா அந்தப் பக்கம் திரும்புங்கள். சுதேஷ் ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில், பிள்ளையின் பார்வைக்கு எட்டாத பக்கம் இருந்தான். அவனைத் திரும்பச் சொல்லவில்லை.

திரும்பிவிட்டால் பிள்ளை தனியாக இருப்பான், ஹெட்போனோடும் அந்த நிசப்தத்தோடும். ஆனாலும் திரும்பினாள்.

திரும்பிய பக்கம் சுதேஷ் இருந்தான். அவள் உண்மையைச் சொன்னதிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இப்போதும் அவன் அவளைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடை இறுகியிருந்தது. உள்ளே கட்டை விழுகிறதா இல்லையா என்பதை இனி அந்த முகத்தைப் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் அசையவில்லை.