சிவப்பு ஊற்றிய இடம்

"மம்மி, நீ எப்ப கறுப்பான?"

கேரல் இப்படிக் கேட்டபோது ஆஞ்சலா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. நாற்காலியில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் பன்னிரண்டு வருடமாக ஆஞ்சலாவின் கல்யாணப் படம் தொங்குகிறது. வெள்ளைக் கவுன், கையில் பூங்கொத்து, பக்கத்தில் கறுப்புக் கோட்டில் கிளிஃபர்ட். மணப்பெண்ணின் முகம் கவுனோடு போட்டி போட்டுக்கொண்டு வெளுத்திருந்தது.

"புதுசா ஒண்ணும் ஆகல. பொறந்ததுலேர்ந்து இப்டித்தான்."

"பொய். இதுல எவ்ளோ வெள்ளையா இருக்க பாரு." பிள்ளை திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பரவால்ல மம்மி. என் புதுநன்மை போட்டோவுல டாடி என்னையும் இப்டி ஆக்கிடுவாரு. ப்ராமிஸ் பண்ணிருக்காரு."

ஆஞ்சலாவின் கையிலிருந்த சீப்பு பாதியில் நின்றது. ஈஸ்டர் முடிந்ததும் கேரலுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. அந்தப் படமும் இதே சுவருக்குத்தான் வரும். அதில் இருக்கப்போவது தன் பிள்ளையா, அல்லது தன் பிள்ளையின் உடுப்பைப் போட்ட வேறு யாரோவா என்ற பயம் அந்த நிமிடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டது.

பெங்களூர் நீலசந்திராவில் கீழே கடை, மாடியில் வீடு. கடையில் பெரிய படங்களை அச்சிடுவதுதான் புருஷன், பெண்டாட்டி இருவரின் தொழில். ஆஞ்சலா மெஷினைப் பார்த்துக்கொள்வாள், கிளிஃபர்ட் கம்ப்யூட்டரில் முகங்களைப் பார்த்துக்கொள்வான். முகத்தை வெளுப்பாக்குவதற்குக் கடைப் பேச்சில் 'தூக்கிவிடுவது' என்று பெயர். தமிழ்க்காரர்கள் "கொஞ்சம் கலர் தூக்கி விடுங்கண்ணே" என்பார்கள். கன்னடக்காரர்கள் "ஸ்வல்ப பெள்ளகே மாடி" என்பார்கள். தக்னி உருது பேசும் மாமிகள் "தோடா கோரா" என்று கண்ணைச் சிமிட்டுவார்கள். பெங்களூரில் எந்த மொழியில் கேட்டாலும் ஆசை என்னவோ ஒன்றுதான். கிளிஃபர்ட் யாரையும் ஏமாற்றியதில்லை, கேட்காதவர்களுக்கும் சேர்த்தே தூக்கிவிட்டான்.

கட்டிய பெண்டாட்டியையும் அப்படித்தான் தூக்கிவிட்டான். ஆல்பம் கைக்கு வந்த அன்றே அவளுக்குத் தெரியும். அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது கொஞ்சம் பிடித்தும் இருந்தது. 'கறுப்பே அழகு, காந்தலே ருசி' என்று ஆறுதல் சொல்லியே அவளை வளர்த்திருந்தார்கள். அந்தப் பழமொழியைச் சிவப்பான பெண்ணிடம் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

தவக்காலத்தில் கோவிலில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கடை வேலையும் பாதியாகிவிடும். அதனால் பழைய பெரிய மெஷினைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவது என்று இந்த வருடம் இருவரும் முடிவு செய்திருந்தார்கள். யோசனை ஆஞ்சலாவுடையது. வைட்ஃபீல்டிலிருந்து வீணா என்ற போட்டோகிராஃபர் கறுப்பு வெள்ளைப் படங்களாகக் கொண்டுவருவாள். கலர் மையைக் கலந்து அதை அச்சிட்டால் டியூப்லைட்டில் பச்சையடிக்கும், ஜன்னல் பக்கம் கொண்டுபோனால் ஊதாவாகும். வீணா ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பாள். கலர் மையை மொத்தமாக வெளியேற்றிவிட்டு, கறுப்பு, நீலம், மெஜந்தா, மஞ்சள் என்ற நான்கு இடத்திலும் கரியில் செய்த கறுப்பையே நான்கு அடர்த்தியில் ஊற்றிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை மாற்றினால் மாற்றியதுதான், மறுபடி கலருக்குக் கொண்டுவருவது லேசில்லை. கலர் வேலைக்குப் புது மெஷின் இருக்கிறது.

இரண்டு நாள் சுத்தம் செய்யும் திரவத்தை ஓட்டினார்கள். குழாயில் நீலமும் மஞ்சளும் வெளுத்து வெளுத்து, கடைசியில் தண்ணீராக வந்தது. மும்பையிலிருந்து வந்திருந்த நான்கு பாட்டிலையும் ஆஞ்சலா மேசைமேல் வரிசையாக வைத்தாள். பாட்டிலில் பார்த்தால் நான்கும் ஒரே கறுப்பு. காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தால்தான் எது அடர்த்தி, எது லேசு என்று தெரியும். கம்பெனிக்காரன் மூடியில் வெறும் நம்பர் போட்டிருந்தான்.

கேரலின் கேள்வி காலையிலிருந்து மண்டையைக் குடைந்துகொண்டிருந்ததால், அவள் மார்க்கரை எடுத்துக் கல்யாணத் தரகர் பாஷையிலேயே பெயர் வைத்தாள். அடர்த்தியானது 'கறுப்பு'. அடுத்தது 'மாநிறம்'. அதற்கடுத்து 'புதுநிறம்'. இருப்பதிலேயே லேசானது 'சிவப்பு'. எழுதி முடித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்தது, கொஞ்சம் கசப்பாக.

"இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு வரிசையா ஊத்திடு. நான் கேரலை ஞானோபதேச வகுப்புக்கு விட்டுட்டு, முடிஞ்சதும் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவர்கள் திரும்பியபோது கிளிஃபர்ட் கை நிறையக் கறையோடு, முகம் நிறையப் பெருமையோடு நின்றிருந்தான். "ஊத்தியாச்சு. டெஸ்டுக்கு நம்ம கல்யாணப் படத்தையே போடுறேன். வெள்ளைக் கவுனும் கறுப்புக் கோட்டும் ஒரே படத்துல. இதவிட நல்ல டெஸ்ட் கிடைக்காது."

மெஷின் இப்படியும் அப்படியும் ஓடி, மெல்ல மெல்லப் படத்தைத் தள்ளியது. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கவுன் முழுக்கச் சாம்பல் பூசியது போல அழுக்காக இருந்தது. மணப்பெண்ணின் முகம் மட்டும் காகிதமாக வெளுத்து, கண்ணும் வாயும் தனியாக மிதந்தன.

"ஐயோ, மம்மி பேய்!" என்று கேரல் கைதட்டிச் சிரித்தாள். சரியாக வராத டெஸ்ட் பிரிண்ட்டை அங்கேயே கிழித்துவிட வேண்டும் என்பது கடையின் சட்டம். தப்பித் தவறி அது வாடிக்கையாளர் கைக்குப் போனால் மானம் போய்விடும். கிழிக்கும் உத்தியோகம் கேரலுடையது. பிள்ளை ஆசை ஆசையாக அதை இரண்டாகக் கிழித்துத் தொட்டியில் போட்டாள்.

"மெஷின் போச்சா?" என்றான் கிளிஃபர்ட். அவன் குரல் இறங்கிவிட்டது.

ஆஞ்சலா பாட்டில்களைப் பார்த்தாள், மெஷினைத் திறந்து பார்த்தாள். "சிவப்ப எதுல ஊத்தின?"

"சிவப்புலதான்."

"எந்தச் சிவப்பு?"

"எத்தன சிவப்பு இருக்கு? மெஜந்தா இடம். நம்ம எப்பவும் அத சிவப்புன்னுதானே சொல்வோம்? நீதான் பாட்டில்லயும் கொட்ட எழுத்துல சிவப்புன்னு எழுதி வச்சிருந்த. மிச்சத்த மிச்ச இடத்துல ஊத்தினேன்."

"வரிசையான்னு சொன்னேன்ல? அது மஞ்சள் இருந்த இடத்துக்குப் போகணும். நான் எழுதினது பொண்ணு பாக்குற சிவப்புப்பா!"

கிளிஃபர்ட் ஒரு கணம் விழித்தான். பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகப் படித்தான். கறுப்பு, மாநிறம், புதுநிறம், சிவப்பு. சிரிக்கத் தொடங்கியவன் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிறுத்தினான். வெள்ளையைச் சிவப்பு என்று சொல்கிற நம் ஊர்ப் பாஷையில் இப்படி ஒரு பள்ளம் இருப்பது மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்குப் பெயர் தெரியாது, இடம்தான் தெரியும். லேசான மை இருக்க வேண்டிய இடத்தில் அடர்த்தி இருந்தால் வெளுப்பு அழுக்காகும், அழுக்கு வெளுப்பாகும்.

இரண்டு இடத்தையும் காலி செய்து, கழுவி, மாற்றி ஊற்றினார்கள். கேரல் சலித்துப்போய் மாடிக்குக் கார்ட்டூன் பார்க்கப் போய்விட்டாள். இரண்டாவது படம் வந்தபோது கிளிஃபர்ட் விசிலடித்தான். கவுனின் லேஸ் இழை இழையாகத் தெரிந்தது. கோட்டின் கறுப்புக்குள் பொத்தான் கூடத் தனியாக நின்றது. ஜன்னலுக்குக் கொண்டுபோனாலும் ஊதா இல்லை, டியூப்லைட்டில் பச்சை இல்லை.

"சக்கத்தா வந்துருக்கு ஆஞ்சி!"

"மெஷின் சரியாயிடுச்சு. மூஞ்சிதான் சரியில்ல."

"எந்த மூஞ்சி?"

"என்னோடதுதான்." அவள் படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். "கேரல் காலைல கேக்குறா, மம்மி நீ எப்ப கறுப்பானன்னு."

அவன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு உள்ளேயே போய்விட்டது.

"எல்லாருக்கும் செய்யுறதுதானே. நல்லா இருக்கட்டும்னுதான்..."

"அப்ப நான் நல்லா இல்லியா?" என்றாள் ஆஞ்சலா. சத்தம் போடவில்லை. "எனக்கு அவமானமா இருக்கு கிளிஃபர்ட். பன்னெண்டு வருஷமா எவளோ ஒரு வெள்ளக்காரி என் கவுனப் போட்டுக்கிட்டு உன் பக்கத்துல நிக்குறா. நானும் சும்மனே விட்டுட்டேன். இப்ப எம்பொண்ணு அவளப் பாத்துத் தன்ன அளக்குறா. அவளையும் தூக்கி விடுறேன்னு வேற சொல்லிருக்க."

கிளிஃபர்ட் கறை படிந்த கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே நின்றான்.

ஆஞ்சலா மாடிக்குப் போய் பீரோவைத் திறந்தாள். மடித்து வைத்த கவுனுக்கு அடியில் ஒரு சி.டி. கல்யாணத்தன்று படமெடுத்த ஓஸ்வால்ட் அண்ணன் கொடுத்தது, கை படாத ஒரிஜினல். எதற்காக இத்தனை வருடம் பத்திரப்படுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கடையின் பழைய கம்ப்யூட்டர் இரண்டு தடவை முனகிவிட்டு அதைத் திறந்தது.

கிளிஃபர்ட் படத்தைத் தேடி எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றினான். பழக்கத்தில் அவன் கை மௌஸைப் பிடித்துக்கொண்டு முகத்தருகே போனது. போன கையை அவனே இழுத்துக்கொண்டான். பிரிண்ட் கொடுத்தான்.

முதலில் முக்காடு வந்தது, பிறகு தலைமுடி, பிறகு நெற்றி. நெற்றியைப் பார்த்ததும் ஆஞ்சலா இன்னும் கிட்டக் குனிந்தாள். அவளுடைய நெற்றிதான் அது. வெள்ளை முக்காட்டுக்கு அடியில் அந்தக் கறுப்பு எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு மிருதுவாக இறங்கியிருந்தது! கன்னத்தில் வேர்வை மினுங்கியது. இடது பக்கம் சின்னக் குழி விழுந்திருந்தது.

"இந்தக் குழி அதுல இல்ல" என்றான் கிளிஃபர்ட் மெதுவாக. "நாந்தான் அழிச்சிருக்கேன். நீ அன்னிக்குச் சிரிச்சியான்னே எனக்கு மறந்து போச்சு."

"சிரிச்சேன்."

"தெரியுது. தப்பு பண்ணிட்டேன் ஆஞ்சி."

மை காய்ந்ததும் படத்தை மாடிக்கு எடுத்துப் போனார்கள். கேரல் டிவியை விட்டுவிட்டு வந்து, புதுப் படத்தைப் பழைய படத்துக்குக் கீழே பிடித்துப் பார்த்தாள். அதே கவுன், அதே பூங்கொத்து, அதே டாடி. மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

"இது மம்மி" என்று கீழே இருந்ததைத் தொட்டாள். பிறகு விரலை மேலே நீட்டினாள். "அப்போ இது யாரு?"

கிளிஃபர்ட் தலையைச் சொறிந்தான். ஆஞ்சலாவைப் பார்த்தான். அவள் உதவிக்கு வரவில்லை.

"அது டெஸ்ட் பிரிண்ட், கண்ணு" என்றான்.

கேரல் யோசித்தாள். "என்னோட போட்டோவுக்கும் டெஸ்ட் போடுவியா?"

"மாட்டேன். உன்னோடது நேரா ஃபைனல்தான்."

"அப்போ நான் வெள்ளையா வர மாட்டேனா?"

"உன் கவுன் வெள்ளையா வரும்."

அந்தப் பதில் பிள்ளைக்கு முழுசாகப் பிடிக்கவில்லை. முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, புதுப் படத்தில் அம்மாவின் கன்னத்துக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். தன் கன்னத்திலும் வைத்துப் பார்த்தாள். அதே இடம். அதன் பிறகு அவளுக்குக் கடையின் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது. நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டாள்.

"டெஸ்ட் பிரிண்ட்னா கிழிக்கணுமே டாடி. கிழிக்கட்டுமா?"

கிளிஃபர்ட் நாற்காலியில் ஏறிப் பழைய படத்தைச் சட்டத்தோடு கழற்றி இறக்கினான். கண்ணாடியை விலக்கி, படத்தை உருவி, பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"கிழி" என்றாள் ஆஞ்சலா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். "உங்கப்பா நிக்குற பக்கம் மட்டும் கிழியாம பாத்துக் கிழி."