நாகேஸ்வரியின் நானூற்று இருபது வருடங்கள்

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், நாகேஸ்வரிக்கு இன்னும் நானூற்று இருபது வருட ஆயுள் மிச்சமிருப்பதாக ஓய்வூதிய நிதி அலுவலகத்தின் கணினி அறிவித்தது. முப்பது வருடம் கட்டடங்களைத் துடைத்துக் கூட்டி அவள் சேர்த்தது நாற்பத்திரண்டாயிரம் யூரோ. அதை மிச்ச ஆயுளால் வகுத்து வருவதைத்தான் வருடாவருடம் எடுக்கலாம் என்பது விதி. வந்தது நூறு யூரோ. பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் அதற்கு இரண்டு தரம் நல்ல மீன் வாங்கலாம். ஆனால் ரூ பஜோல் தெருவில் அவள் இருந்த அறைக்கு வீட்டுக்காரர் கூட்டிய வாடகைக்கு வருடம் இரண்டாயிரம் வேண்டும். செப்டம்பருக்குள் கட்டாவிட்டால், பிள்ளையார் கோயில் மணி கேட்காத ஏதோ புறநகரில்தான் இனிச் சீவியம்.

அலுவலகத்திலிருந்த புதுச்சேரிப் பெண் ஆனைஸ் மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

“மெஷின்ல தப்பு இல்ல, மதாம். உங்க சொந்த ஆயுசு இருபதுதான். மீதி நானூறு வெளியிலேர்ந்து வந்து சேர்ந்திருக்கு.”

நாகேஸ்வரிக்கு உடனே விளங்கிவிட்டது. அவளைப் பற்றிக் கதைக்கும்போதே வந்து நிற்பது அவளுடைய பிறவிக் குணம். “உனக்கு நூறு வயசு” என்று சொன்னவர்கள் ஆயிரம் பேர். வாயால் சொன்னதெல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிட்டது. நாலு பேர் மட்டும் மனதாரச் சொல்லித் தொலைத்திருக்கிறார்கள்.

“ஆருக்கும் குடுக்கேலாதோ, பிள்ளை?”

“ஃபோர்ம்ல அதுக்குக் கட்டம் இல்ல.”

“கட்டம் இல்லையெண்டால் தடையும் இல்லை.”

ஆகஸ்ட் கடைசியில், பிள்ளையார் கோயில் தேர் ஓடிய ஞாயிறன்று, அவள் ரூ பஜோல் முனையில் திருநீற்றுத் தட்டோடு நின்றாள். தேங்காய் உடைக்க வந்தவர், காவலுக்கு நின்ற பொலிஸ்காரர், வேடிக்கை பார்த்த வெள்ளைக்காரர் என்று பார்க்காமல் நெற்றி நெற்றியாகப் பூசி, “என்ர ஆயுசில ஒரு வருசம் உனக்கு” என்றாள். மீன்கடை ஞானசுந்தரம் இரண்டாம் தரமும் நெற்றியை நீட்டினார்.

“ஆளுக்கு ஒண்டுதான், அண்ணை!”

நானூறாவது நெற்றி, மாதா கோயில் பூசை முடிந்து வந்த ஆனைஸுடையது. அவள் சிலுவை போட்டுக்கொண்டு குனிந்தாள்.

திங்களன்று கணினி இருபது என்றது. இரண்டாயிரத்து நூறு யூரோ! நாகேஸ்வரி வாடகையைக் கட்டி, மிஞ்சிய நூறைக் கையில் பொத்திக்கொண்டு, தெரு முழுதும் தனக்கே எழுதிக் கொடுத்தது போல நடந்தாள். அவ்வளவு சந்தோசம்.

அந்த வருடம் ரூ பஜோலில் ஒரு செத்தவீடும் நடக்கவில்லை. நிதி அலுவலகம் அந்தப் பகுதிக்கு ஆயுள் அட்டவணையில் ஒரு வருடம் கூட்டியது. மெத்ரோ டிக்கெட் விலை கூடியதைப் போலச் சனங்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். ஞானசுந்தரம் அவளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போதே அவள் கடைக்குள் நுழைவது இன்றும் நடக்கிறது.

“வாயைத் திறவாதேங்கோ, அண்ணை! வாடகை கட்ட வேணும்.”

அவர் தலையாட்டிவிட்டு மீனை நிறுக்கிறார்.