சாலமன் சுமந்த கால்சட்டை

2016 ஜூன் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை காலை, லெசோத்தோவின் செமொங்கொங் ஊரில் தலைநகர் மசேருவிலிருந்து வந்த பேருந்திலிருந்து ஓர் இளம்பெண் சைக்கிள் ஓட்டுபவர்களின் தலைக்கவசம் அணிந்து இறங்கினாள். தலையை மூடிக் கட்டிய துணிக்கு மேல் அது உட்கார்ந்திருந்தது.

கடைச் சுவரோரம் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு நின்ற மொகெதே, தன் இரண்டாவது மருமகள் இதுமெலெங் அவள்தான் என்று தெரிந்துகொண்டு, முறைப்படி உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமனார் மருமகளை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. மருமகள் மாமனாரின் பெயரைச் சொல்லவோ, அவர் உடைமைகளைத் தொடவோ கூடாது. இதற்காகவே நடுவில் ஒரு நாத்தனார் இருப்பாள். இவர் சொல்வதை அவளிடமும் அவள் சொல்வதை இவரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பாள். நாத்தனாருக்கு நேற்றிரவு முதல் பல்வலி. அவளைக் கட்டிய மகன் கரபோவுக்குத் தென்னாப்பிரிக்காவின் ரஸ்டன்பர்க் சுரங்கத்தில் விடுப்பு இல்லை. மலைமேல் வீட்டுக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம். மொகெதேவுக்கும் இதுமெலெங்குக்கும் நடுவில் இருந்தது சாலமன் என்கிற பழுப்புக் குதிரை மட்டும்தான்.

"சாலமன்," என்றார் மொகெதே, குதிரையின் காதைப் பார்த்து. "வந்தவங்க வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டாங்களா?"

குதிரையின் மறுபக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது. "சாப்டாச்சுன்னு சொல்லு, சாலமன்."

மனைவி மாகரபோ கொடுத்தனுப்பிய மூட்டையைக் கடைக்காரியிடம் தந்தார். உள்ளே நீளப் பாவாடை, கம்பளிப் போர்வை, புத்தம்புது ரப்பர் பூட்ஸ். இதுமெலெங் கடையின் பின்கட்டில் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். பூட்ஸ் அவளுக்கு இரண்டு அளவு பெரிது. நடக்கும்போது அவள் ஓரடி முன்னால் போக, பூட்ஸ் யோசித்துவிட்டுப் பின்னால் வந்தது.

அவள் சாலமன் மேல் ஏறியதுமே மொகெதே கவனித்துவிட்டார். பூட்ஸின் அடிப்பாகம் கலப்பை உழுத நிலம்போல வரிவரியாக இருந்தது. அகலமும் அதிகம். குதிகால் என்று எதுவும் இல்லை. சேணத்தில் தொங்கும், காலை ஊன்றும் இரும்பு வளையமான அங்கவடிக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சப்பென்று மாட்டிக்கொண்டது. குதிரையேறத் தெரியாதவர்களின் கால் அப்படி மாட்டினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு குளிர்காலத்துக்கு முன் மூத்த மருமகளை ஆற்றங்கரையில் குதிரை இழுத்துப்போனபோது பக்கத்தில் இருந்தவர் அவர்தான். தோள்பட்டை எலும்பு முறிந்து மசேருவுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. அவளோடு மூத்த மகனும் வரவில்லை. இளையவள் தலைக்கவசத்தோடு வந்திறங்கியது அந்தக் கதையைக் கேட்டுத்தான் இருக்கும். "இவளும் விழுந்தா இருக்கிற ஒரு பிள்ளையும் போச்சு" என்று சொல்லித்தான் மாகரபோ பின்னிரவில் அவர் கிளம்பும்போது கஞ்சி ஊற்றினாள்.

ஆனால் மருமகளின் பாதத்தைப் பற்றி மாமனார் எப்படிப் பேசுவது?

"சாலமன், உன் மேல இருக்கிறவங்க... கீழ் நுனி... கொஞ்சம் வெளிய இருந்தா நல்லது."

"எது சாலமன்?"

"அதான், எல்லாருக்கும் ரெண்டு இருக்குமே. அது."

"இழுத்துப் பாத்தேன், வரலைன்னு சொல்லு. வேணும்னா பஸ்ல போட்டுட்டு வந்த கேன்வாஸ் ஷூவை மாத்திக்கிறேன்."

"மாமியார் கொடுத்ததைப் போடாம ஊருக்குள்ள போனா, சாலமன், உனக்கும் எனக்கும் இன்னிக்கு ராத்திரி சோறு கிடையாது."

குதிரை இதைக் கேட்டதுபோலக் கிளம்பியது.

முதல் இரண்டு மணி நேரம் ஆபத்தில்லாமல் போனது. மொகெதே மற்றக் குதிரையில் முன்னால் போனார். பின்னால் திரும்பிப் பார்க்காமல் காதாலேயே பார்த்தார். பாவாடை முழங்கால்வரை ஏறியிருக்கும். மெல்லிய காலுறையைச் சேணத்தின் தோல்வார் உரசிக்கொண்டே வரும். ஒவ்வொரு இறக்கத்திலும் "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தது. ஆடு மாடுகளுக்குத் தோல் உரிந்தால் கொழுப்புத் தடவலாம். இதற்கு என்ன செய்வது?

கணவாயில் காற்று பிடித்துக்கொண்டது. கழுத்தில் ஒற்றை ஊசியில் நின்ற போர்வை, பெரிய பறவைபோல விரிந்து சாலமனின் முகத்தில் அறைந்தது. சாலமன் பக்கவாட்டில் துள்ளியது. மொகெதே திரும்பியபோது சேணம் காலியாக இருந்தது. அங்கவடியில் ஒரு ரப்பர் பூட்ஸ் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

இதுமெலெங் கொஞ்சம் தள்ளி, உறைபனி படிந்த புல்லில், ஒரு கால் வெறும் காலுறையோடு உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் மூக்குவரை இறங்கியிருந்தது. பூட்ஸ் பெரிதாக இருந்ததால் கால் உருவிக்கொண்டு வந்திருந்தது. சரியான அளவில் வாங்கியிருந்தால் சாலமன் அவளை ஊர்வரை இழுத்துப் போயிருக்கும்.

"அடி பட்டுச்சாம்மா?" என்று அவளைப் பார்த்தே கேட்டுவிட்டார்.

அவள் தலைக்கவசத்தை உயர்த்தினாள். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் முறையை விடவில்லை. "சாலமன், நான் நடந்தே திரும்பிப் போறேன்னு சொல்லிடு. புது மருமகளை வரவேற்கன்னு வச்சிருக்கிற ஆட்டை வேற யாருக்காவது அறுக்கச் சொல்லு."

ஒற்றைப் பூட்ஸோடு கீழ்நோக்கி நடக்கவும் தொடங்கிவிட்டாள். மொகெதே மலையைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். எந்தப் பக்கமும் மனித நடமாட்டம் இல்லை. சாலமனை இழுத்துக்கொண்டு ஒரு பாறைக்குப் பின்னால் போனார்.

வெளியே வந்தபோது போர்வையை முழங்காலுக்குக் கீழ்வரை இறுக்கிச் சுற்றியிருந்தார். சாலமனின் சேணத்தில் ஒரு தடித்த கால்சட்டை தொங்கியது. அதன் மேல் தேய்ந்த தோல் பூட்ஸ் இரண்டு. வழவழப்பான அடிப்பாகம், விரற்கடை உயரக் குதிகால்.

"சாலமன்," என்றார், முதுகைக் காட்டிக்கொண்டு. "இதெல்லாம் யாருடையதுன்னு எனக்குத் தெரியாது. வழியில கிடந்துச்சு."

அவள் நடை நின்றது. திரும்பி வந்து கால்சட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"வழியில கிடந்தது இவ்வளவு சூடாவா இருக்கும், சாலமன்?"

"வெயில்ல கிடந்துச்சு."

"வெயிலே இல்லையே."

"சாலமன், இந்தப் பொண்ணு ரொம்பக் கேள்வி கேக்குது."

அவள் உடுப்பை எடுத்துக்கொண்டு அதே பாறைக்குப் பின்னால் போனாள். அங்கிருந்து முதலில் ஒரு விக்கல் போலக் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தார். சிரிக்கிறாள் என்று பிறகுதான் புரிந்தது. பாவாடையைக் கால்சட்டைக்குள் செருகி, போர்வையின் கீழ்முனைகளை இடுப்பில் முடிந்துகொண்டு, தலைத்துணியைக் கிழித்துப் பூட்ஸ் முனையில் அடைத்துக்கொண்டு வந்தாள். அங்கவடியில் பாதத்தின் முன்பகுதி மட்டும் நின்றது.

அவளுடைய ரப்பர் பூட்ஸ் மொகெதேவின் பாதத்தில் பாதிவரைதான் ஏறியது. மீதி வழி முழுவதும் கால்களை அங்கவடிக்கு வெளியே தொங்கப்போட்டு, போர்வைக்குள் காற்று புகும்போதெல்லாம் உரக்க ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் "ஸ்ஸ்" இல்லை.

ஊர் எல்லையில் பெண்கள் குலவையிட்டார்கள். இதுமெலெங் தானே இறங்கித் தலை குனிந்து நின்றாள். குலவை பாதியில் தடுமாறி, பிறகு தொடர்ந்தது. மொகெதே இறங்கவில்லை.

"இறங்குங்க," என்றாள் மாகரபோ.

"காத்து அடங்கட்டும்."

"காத்துக்கும் இறங்கறதுக்கும் என்ன?"

மாகரபோ மருமகளின் கால்களைப் பார்த்தாள். கால்சட்டையின் முழங்காலில் தான் போட்ட ஒட்டைக் கண்டுகொண்டாள். பிறகு கணவரின் கால்களைப் பார்த்தாள். சொந்தக்காரப் பெரியவர் ஒருவர், மாமனார் உடுப்பு மருமகள் உடம்பில் ஏறியதற்கு இன்னும் ஓர் ஆடு அறுத்தாக வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"அறுங்க, யாரு வேணாங்கிறா? உங்க தொழுவத்திலேர்ந்து ஓட்டிட்டு வாங்க," என்றாள் மாகரபோ. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார்.

சனிக்கிழமை ஓர் ஆட்டை அறுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாகரபோ அந்தக் கால்சட்டையைத் துவைத்து, கால்களை நான்கு விரல் மடித்துத் தைத்து, இடுப்பில் ரப்பர் நாடா கோத்து, சேணங்கள் தொங்கும் ஆணியில் மாட்டினாள். கடைக்குப் போனவர்கள் வேறு கால்சட்டை வாங்கிக்கொண்டு வரும்வரை மொகெதே நான்கு நாள் போர்வையோடு இருந்தார்.