வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

டென்மார்க்கின் ஒடென்சே நகருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் நிற்கிற அந்த வெள்ளைத் தேவாலயத்துக்கு எண்ணூறு வயது. அங்குள்ள ஞானஸ்நானத் தொட்டி ஒரே கருங்கல்லில் குடைந்தது. மேரிகிறேஸின் மூத்த மகளுக்கு அதில்தான் ஞானஸ்நானம் நடந்தது. மகனுக்கும் அதில்தான் என்று அவன் வயிற்றில் இருக்கும்போதே சொல்லிவிட்டாள்.

ஆனால் தொட்டிக்குப் போகிற வழியெல்லாம் தரையில் பதித்த பழைய கல்லறைக் கற்கள். ஒன்றில் ஒரு போதகரும் மனைவியும் அருகருகே செதுக்கப்பட்டிருக்கிறார்கள். போதகரின் தாடி இன்னும் தெரிகிறது. மனைவிக்கு முகமே இல்லை. சப்பாத்தில் ஒட்டிவருகிற மணல் அரைத்துவிட்டது என்று ஆய்வாளர்கள் சொன்னபின், முப்பது பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை என்று சபைக் குழு தீர்மானித்து, வாசலில் அறிவிப்பும் வைத்தது.

மகனின் ஞானஸ்நானத்துக்கு மேரிகிறேஸ் முப்பது பேருக்குத்தான் சொன்னாள். ஞாயிறு காலை வந்து இறங்கியவர்களோ எண்பதுக்குக் குறையாது. ஹேர்னிங் நகரிலிருந்து ஒரு பஸ்ஸே வந்திருந்தது.

"என்னப்பா இது?" என்றாள் கணவனிடம்.

"நாங்கள் சொன்ன ஆக்கள் தங்கட ஆக்களுக்குச் சொல்லிப்போட்டினம்," என்றான் சுகந்தன். "மட்டக்களப்பில எண்டா இது சின்னக் கூட்டம்."

குழுத் தலைவி கீர்ஸ்டன் வாசலில் நின்றார். "மன்னியுங்கள். மீதிப் பேர் வெளியேதான் நிற்கவேண்டும்."

யாரை நிறுத்துவது? மேரிகிறேஸ் வந்தவர்களை எண்ணத் தொடங்கினாள். அதற்குள் கூட்டத்தில் முதலாவதாக நின்ற செல்வமலர் மாமி முன்மண்டபத்தில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கிவிட்டார். பின்னால் வந்தவர்களும் குனிந்தார்கள்.

"மாமி, இஞ்ச கழற்றத் தேவையில்லை. கல்லுக் குளிரும். பாக்கிறவை சிரிப்பினம்!" என்றாள் மேரிகிறேஸ்.

"சிரிக்கட்டும். கோயிலுக்குள்ள சப்பாத்தோட போறதோ? நல்ல கதை!"

கீர்ஸ்டன் குவிந்த சப்பாத்துகளைப் பார்த்தார். எல்லா அடிகளிலும் வயல் மண். மாமியின் சிவப்புக் காலுறைகளைப் பார்த்தார். பிறகு கல்லைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ளே போகும்போது நாங்களும் கழற்றுவோம்," என்றார் மெதுவாக. "இங்கே மட்டும் ஏன் எவருக்கும் தோன்றவில்லை?"

குனிந்து தன் பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். "எல்லாரும் வாருங்கள். குழுவுக்கு நான் பதில் சொல்கிறேன்."

எண்பது பேரும் காலுறைகளோடு முகமில்லாத அந்தப் பெண்ணைச் சுற்றி நடந்தார்கள். தண்ணீர் பட்டதும் பிள்ளை வீரிட்டழுதான்.

கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வெந்து ஆராதனைக்கு அவர்கள் மறுபடி போனபோது, முப்பது பேர் என்ற அறிவிப்பு இல்லை. அந்த இடத்தில் சப்பாத்து வைக்கிற தட்டு ஒன்றும், கூடை நிறையக் கம்பளிக் காலுறைகளும் இருந்தன.

"இதில என்ர அளவு இருக்கோ பார் பிள்ளை," என்றார் மாமி.